மூடிக் கிடந்த இரண்டாவது ஷட்டர்

அம்சவள்ளி சோரியாங்குப்பத்தில் நாற்று நடுவாள், களை எடுப்பாள், வருடா வருடம் பத்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயில் ஆவாள். மற்ற பாடமெல்லாம் பாஸ். கணக்கு மட்டும் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. இதையும் தாண்டிவிட்டால் ஊர் அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போடலாம். வயது ஏறிக்கொண்டிருந்ததால் இந்த வருடத்தை விட்டால் அந்த வேலை கைநழுவிவிடும். நான் ஜோஸ்பின், தையல்காரி, அவளோடு தனித்தேர்வு எழுதியவள். அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. நானும் ஃபெயில்தான்.

மாலை வகுப்பு எடுக்கும் ராஜ்மோகன் சார் பலகையில் (x − 4)(x + 7) = 0 என்று எழுதி, x என்ன என்று கேட்டார். "நாலு" என்று சொல்லி அம்சவள்ளி பேனாவை மூடிவிட்டாள்.

"இன்னொன்னு எங்கம்மா?"

"அதான் ஒன்னு கெடச்சிடுச்சே சார்."

"பாதிக் கிணறு தாண்டுற ஆளும்மா நீ" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் நோட்டிலும் நாலு மட்டும்தான் இருந்தது.

அந்த வாரம் அம்சவள்ளி வீட்டு வயலுக்கு ஏரித் தண்ணீர் வரவில்லை. வாய்க்காலில் இரண்டு ஷட்டர் தாண்டித்தான் தண்ணீர் வர வேண்டும். அவள் கணவன் மணிவண்ணன் போய்ப் பார்த்தான். மேல் ஷட்டர் மூடியிருந்தது. அதைத் திறந்துவிட்டு, வேலை முடிந்தது என்று வந்து சோறு தின்றான். மறுநாளும் வயல் காய்ந்தே கிடந்தது. எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் இப்படித்தான், ஒரு குற்றவாளி கிடைத்தால் அடுத்தவனைத் தேட மாட்டார்கள்.

அம்சவள்ளி போய்ப் பார்த்தாள். கீழ் ஷட்டரும் மூடியிருந்தது. திறந்ததும் தண்ணீர் வந்தது. அவள் சேற்றுக் காலோடு நேராக என் தையல் மிஷின் முன்னால் வந்து நின்றாள்.

"யக்கா, பெருக்கினா சைபர்னா ரெண்டு பிராக்கெட்ல எது வேணா சைபரா இருக்கலாம். நானும் அவரு மாதிரியே ஒன்னு மட்டும் பாத்துட்டு வூட்டுக்கு வந்துடறங்கா!"

"இன்னாடி சொல்ற?"

நான் வெட்ட வைத்திருந்த துணியின் மேலேயே சாக்பீஸால் எழுதினாள். x − 4 சைபர் என்றால் x நாலு, அது தனி. x + 7 சைபர் என்றால் x மைனஸ் ஏழு, இது தனி. இரண்டையும் எழுத வேண்டும். யாரோ ஒருத்தியின் ரவிக்கைத் துணி முழுக்கக் கணக்கு. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு அது பிடித்திருந்தது.

தேர்வில் அதே மாதிரி ஒன்று வந்தது. பழக்கதோஷத்தில் ஒரு விடையோடு அடுத்த கேள்விக்குத் தாவப் போனேன். முன்பெஞ்சில் அம்சவள்ளியின் முதுகு தெரிந்தது. வாய்க்கால் ஞாபகம் வந்து, திரும்பிப் போய் இரண்டாவதையும் எழுதினேன்.

இரண்டு பேரும் பாஸ். செல்போனைப் பார்த்துக் கட்டிப்பிடித்து அழுதோம். மணிவண்ணன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். அங்கன்வாடிக்கும் எழுதிப் போட்டாயிற்று.

"இனிமே புக்க மூடி வெச்சிடலாம் இல்ல?" என்று அவளைக் கேட்டான்.

"யோவ், மேல் ஷட்டர் மட்டுந்தான் தொறந்திருக்குது" என்றாள் அம்சவள்ளி. "பன்னெண்டாவது அப்பிடியே மூடிக் கெடக்குதே."