புளிசாதத்துக்கு அடியில் நான்கு பாஸ்போர்ட்டுகள்

என் முதல் பாஸ்போர்ட்டைப் பிரித்தால் நெடுநாள் வரை நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணக்கும். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. திருப்போரூரைச் சுற்றி மனை விற்பனை சூடுபிடித்து அப்பாவின் கடையில் சிமெண்ட் நன்றாக ஓடியதால், கம்பெனிக்காரர்கள் எங்களையும் வேறு சில கடைக்காரர்களையும் குடும்பத்தோடு இலங்கைக்கு அழைத்துப் போனார்கள்.

பொலன்னறுவையின் பழைய நகரத்துக்கு ஒருநாள் ஒதுக்கியிருந்தார்கள். அன்று காலை அம்மா ஓட்டலில் சோறு வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து பொட்டலம் கட்டினாள். அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நால்வரின் பாஸ்போர்ட்டையும் மஞ்சப்பையில் போட்டு, அதன்மேல் பொட்டலங்களை அடுக்கினாள். "சோத்துக்கு அடியில எந்தத் திருடன் கைய வுடுவான்?" என்றாள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் ஊர் திரும்பவே முடியாது என்று யாரோ பஸ்ஸில் சொன்னது என் காதிலேயே இருந்தது. கைடு அரண்மனைச் சுவரையும் சோழர் காலத்துச் சிவன் கோயிலையும் காட்டினார். நான் பையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பாறையில் செதுக்கிய, படுத்திருக்கும் பெரிய புத்தரைப் போட்டோ எடுக்கும்போது பையை என்னிடம் கொடுத்தார்கள். மரத்தடியில் ஒதுங்கி, பொட்டலங்களை வெளியே எடுத்துவைத்து பாஸ்போர்ட்டுகளை எண்ணினேன். நான்கும் இருந்தன. பொட்டலங்களைத் திரும்ப உள்ளே வைத்து நிமிர்வதற்குள் குரங்கு ஒன்று பையைப் பிடுங்கிக்கொண்டு மரமேறிவிட்டது.

"சும்மாத்தான் நின்னுகினு இருந்தேன்," என்றேன், ஓடிவந்தவர்களிடம்.

அப்பா அம்மாவிடம் பாய்ந்தார். "சோத்துப் பையில பாஸ்போர்ட்ட வப்பாளா ஒருத்தி? அறிவு கீதா உனக்கு?"

உடன் வந்த செங்கல்பட்டுக் கடைக்காரர், "வுடு அண்ணாத்த, உன் பாஸ்போர்ட்ல கொரங்கு மெட்ராஸ் போயி கடயப் பாத்துக்கும். நீ இங்கியே கெட!" என்றார். அம்மா சிரிக்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒருத்தரும் கல் எறியாதீங்க. திங்க ஏலாததக் கீழ போட்டுரும்," என்றார் கைடு. எல்லாரும் அண்ணாந்து நின்றோம். குரங்கு சோற்றைத் தின்னத் தின்ன பாஸ்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியாக, எண்ணெயில் ஊறி, என்னுடையது.

அதற்குப் பிறகும் எதற்கும் பயந்துகொண்டேதான் வளர்ந்தேன், பரீட்சை என்றாலே காய்ச்சல் வரும் எனக்கு. சீக்கிரமே படிப்பை நிறுத்திவிட்டேன். அப்பாவின் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் விற்கிறார்கள். பாஸ்போர்ட்டில் மணம் போய்விட்டது, கறை இருக்கிறது. போன வாரம் மாமல்லபுரத்தில் குரங்கைக் கண்டதும், "பாஸ்போர்ட்ட சோத்துக்கடியில வச்ச புத்திசாலி நானு," என்று தம்பி மனைவியிடம் அம்மா ஆரம்பித்தாள். "அறிவு கீதான்னு கேட்டேனே," என்று அப்பாவும் சேர்ந்துகொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். அன்று மரத்தடியில் பையைத் திறந்தது நான்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வீட்டுச் சாவி இருக்கிறதா என்று என் கைப்பையை வெளியிலிருந்தே தடவிப் பார்த்தேன். திறக்கவில்லை.