கிட்டார் இல்லாத பாட்டு

கேட்பவரைக் கிறங்கவைக்கும் சைகடெலிக் ராக் வாசிக்கும் எங்கள் குழுவில் மூன்று பேர். குன்னூரில் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் என் பள்ளித் தோழன் டிரம்ஸ் வாசிப்பான், லவ்டேல் பக்கம் ஒரு பள்ளியில் வேலை செய்யும் டீச்சர் பாடுவார், நான் கிட்டார். முதல் ஆல்பத்தில் எந்தப் பாட்டும் பத்து நிமிடத்துக்குக் குறையவில்லை. காலடியில் இருக்கும் பெடல்களை மிதித்தால் கிட்டார் ஒலி எதிரொலித்து, நெளிந்து, அறையையே நிறைக்கும். ஜனங்கள் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நம்பியிருந்தேன்.

இரண்டாவது ஆல்பத்துக்கு உட்கார்ந்த அன்றே டீச்சர் சொன்னார்: "இந்தத் தடவ சின்னச் சின்னப் பாட்டாப் பண்ணலாமுங்க. பெடல் வேண்டாமுங்க."

தோழனும் தலையாட்டினான். பெடல் இல்லையென்றால் இந்தக் குழுவில் நான் எதற்கு?

ரெக்கார்டிங் தொடங்கியபின் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரெக்கார்டிங் அறையின் தகரக் கூரையில் மழை இரைந்து வேலை நிற்கும்போதெல்லாம் வெளியே போய் நனைந்துகொண்டு நின்றேன். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் லீவு போட்டு, பதிவுசெய்த பாட்டுகள் எல்லாவற்றின்மேலும் பெடல் போட்ட என் பழைய கிட்டார் ஒலியை ஏற்றி இருவருக்கும் அனுப்பினேன்.

மறுநாள் காலை இருவரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். டீச்சர் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் போனில் அதைப் போட்டார்.

"இதுல என்ற கொரல் எங்கீங்க இருக்குது?"

"பின்னாடி இருக்குதுங்க" என்றேன்.

"நாலு வருசமாப் பின்னாடியேதானுங்க இருக்கறேன்."

அவர்கள் கண் முன்னாலேயே நான் ஏற்றிய கிட்டாரை எல்லாம் அழித்தேன்.

கடைசிப் பாட்டுக்குக் குரலும் டிரம்ஸும் போதும் என்றார் டீச்சர். "அப்ப நான் கெளம்பட்டுங்களா?" என்று கேட்டேன்.

"இங்கயே உக்காருங்க. நீங்க இருந்தாத்தான் எனக்குப் பாட வரும்."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலையை, வீட்டை எல்லாம் விட்டுப் போய்விட நினைத்து, ஊட்டி பஸ் ஸ்டாண்டில் அவர் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தைப் பற்றிய பாட்டு அது. ஒரு வருடமாக அதற்கு வாசித்துப் பழகியிருக்கிறேன். அவர் என்ன பாடுகிறார் என்பதை அன்றுதான் காதுகொடுத்துக் கேட்டேன்.

ஆல்பம் வந்ததும் பழைய ரசிகர்கள் சிலர் திட்டி எழுதினார்கள். ஆனால் மேடைகளில் அந்தக் கடைசிப் பாட்டைத்தான் திரும்பப் பாடச் சொல்கிறார்கள். அது தொடங்கியதும் நான் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்குப் பின்னால் போய், அவர் குரலைக் கேட்டபடி, முடியும்வரை அங்குமிங்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.