டேப் போட்டு ஒட்டிய பகடை

"ஏய், அவ திருப்பிட்டா! சீட்டிங் லா!"

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டர். கதிர் என்ற பையன் இப்படிக் கத்தியபோது நான் சுவரோரமாக நின்றிருந்தேன். அவன் கத்தியது யாழினியைப் பார்த்து. எட்டு வயதுப் பெண், கண் தெரியாது.

நான் சுபாங் ஜெயாவில் கல்விப் பொம்மை விற்கும் ஒரு கம்பெனியில் சேம்பிள் செக்கிங் பார்க்கிறேன். ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவன், ஆட்களோடு பேசக் கூச்சம். சாமான்களோடு இருக்கும் வேலை எனக்குப் பொருந்தியது. எழுத்துப் பகடை வந்தால் கீழே போட்டுப் பார்ப்பேன், ஈரத்துணியால் தேய்ப்பேன், முனை கையைக் கிழிக்கிறதா என்று தடவுவேன். அன்று கொண்டுபோன பகடையில் ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆங்கில எழுத்து, கீழே அதற்கான பிரெயில் புள்ளிகள். பார்வையுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் சேர்ந்து விளையாடலாம் என்று விளம்பரம் தயாராக இருந்தது. மேசைச் சோதனை எல்லாம் பாஸ். பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்ப்பது மட்டும் பாக்கி. அதற்குத்தான் மேனேஜர் குணாவும் நானும் போனோம்.

உருட்டி, மேலே வந்த எழுத்தில் ஒரு சொல் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பார்த்தார்கள், சொன்னார்கள். யாழினிக்குத் தொட்டால்தான் தெரியும். இலேசான பிளாஸ்டிக், வழவழப்பான மேசை. விரல் பட்டதும் பகடை புரண்டுவிட்டது.

"நான் திருப்பல. அதுவா உருண்டுச்சு."

"எங்களுக்கு உருளல, உனக்கு மட்டும் உருளுதா?"

டீச்சர் கதிரை அதட்டினார். அடுத்த முறையும் பகடை புரண்டது. யாழினி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம். நீங்களே வெளையாடுங்க."

பொய் சொல்லாத பிள்ளையைக் கள்ளியாக்கிவிட்டது அந்தப் பகடை. குணாவுக்கோ பெட்டிக்குப் படம் எடுக்கும் கவலை.

"யாழினிம்மா, விரல மேல வை. சிரி."

விரல் பட்டது, புரண்டது. மறுபடியும் புரண்டது.

"அண்ணே, டபுள் சைட் டேப் வச்சிருக்கீங்களா?" என்று குணா என்னிடம் கேட்டார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பகடையின் அடியில் ஒட்டி மேசையோடு அழுத்தினார். "இப்ப தொடு. ஆ, சூப்பர்!"

"அங்கிள், இப்ப உருளலையே! வேற டைஸா?" என்றாள் யாழினி, முகமெல்லாம் சிரிப்பாக. படம் அந்தச் சிரிப்போடு விழுந்தது.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் ஜாம். ரிப்போர்ட்டில் பெயில் என்று எழுதிக் காட்டினேன்.

"டிராப் டெஸ்ட் பாஸ், பெயின்ட் பாஸ். அப்புறம் என்னண்ணே பெயில்?"

"தொட்டா உருளுது சார்."

"மெதுவா தொடச் சொல்லுங்க லா. பழகிடும்."

எனக்குக் காது சூடேறியது. "ஓரம் வச்ச தட்டு ஒண்ணு, அதுக்குள்ள ரப்பர் ஷீட். அது போதும் சார்."

"பெட்டி டிசைனே முடிஞ்சிருச்சு. இனி தட்டு எங்க வைக்கிறது?"

"அப்ப படத்துக்கு மட்டும் ஏன் சார் ஒட்டுனீங்க?"

என் வாழ்நாளில் ஒரு மேனேஜரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். ரிப்போர்ட்டில் வேறொருவர் பாஸ் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிஸ்கட் டின் மூடிக்குள் ரப்பர் ஷீட் வெட்டி ஒட்டி, ஒரு சேம்பிள் பகடையோடு எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன். யாழினி அதில் உருட்டினாள், தொட்டாள். பகடை அசையவில்லை.

"கே! கூச்சிங்!"

"அது மலாய் லா," என்றான் கதிர்.

"பூனைக்கு எந்த பாஷையா இருந்தா என்ன? எழுத்து கே தானே? இப்ப நீ கண்ண மூடிட்டு மேசையில போடு."

போட்டான். தொட்டதும் புரண்டது.

"சீட்டிங் லா!" என்றாள்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். சாமான் எந்தக் கைக்குப் போகிறதோ, அந்தக் கை தொட்டுச் சரி என்று சொல்லும்வரை பாஸ் போடாதீர்கள். அந்தப் பெட்டி இன்றும் கிள்ளான் கடைகளில் விற்கிறது. மூடியில் யாழினி சிரிக்கிறாள். உள்ளே தட்டும் இல்லை, ரப்பரும் இல்லை, டேப்பும் இல்லை.