அப்பா ஓட்டுப் போடப் போன நாள்

எந்தத் தேர்தல் வந்தாலும், யாரைத் திட்டிக்கொண்டு போனாலும், ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவேன். அந்தப் பழக்கத்தை எனக்குத் தந்தவர் என் தாய்மாமா. அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டிய வயதில் எனக்கு விஷயம் தெரியாது. விஷயம் தெரிந்தபோது அவர் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்துத் தேர்தல் அது. நான் எட்டு வயதுச் சிறுமி. அப்பாவும் மாமாவும் தென்காசியில் கள்ளுக்கடை மறியல் செய்து ஒன்றாக ஜெயிலுக்குப் போனவர்கள். அன்று விழுந்த அடியில் மாமாவுக்கு இடது காது போயிற்று. அடித்த போலீஸ்காரர்களை வீட்டு முற்றத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தவர் ஒரு மிராசுதார். சில வருஷம் கழித்து எங்கள் கட்சி அவரையே வேட்பாளராக நிறுத்தியது. கதர் ஜிப்பா அவருக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததாக அம்மா சொன்னாள். எதிர்த்து நின்றவரோ கள்ளுக்கடைக் குத்தகைக்காரர்.

ஓட்டுப் போடும் நாளன்று விடிந்ததும் அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டார். சீசன் இல்லாத மாசி மாதம். அருவி பாறையோடு ஒட்டி நூலாக வழிந்தது. அதற்கு முதுகைக் கொடுத்து அப்பா உட்கார்ந்தே இருந்தார். எண்ணெயும் போகவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை.

உச்சிப்பொழுதுக்கு மாமா வந்துவிட்டார். ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்கு வில்வண்டி ஓட்டுவது அவர் வேலை. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அந்த வண்டியோடேயே வந்திருந்தார்.

"அத்தான், சாயங்காலம் அடைச்சிருவான். ஏறுங்க."

"யாருக்குப் போடச் சொல்லுத? ஒன் காதப் போக்குனவனுக்குக் காப்பி குடுத்த ஆளுக்கா?"

மாமா நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா நம்ம கட்சியோட மஞ்சப் பொட்டியில சீட்டு விழலன்னா கள்ளுக்கடைக்காரன் பொட்டில்லா நெறையும்? போட்டுட்டு வாங்க. நாளைக்கே கட்சி ஆபீசுக்குப் போயி, இந்த ஆள ஏன் நிறுத்துனீங்கன்னு சண்ட போடுவோம். நானும் வாரேன். இங்கன உக்காந்துட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேப்பீங்க?"

அப்பா எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டார். பிறகு ஈர வேட்டியோடு வண்டியில் ஏறினார். தென்காசி வருகிறவரை மிராசுதாரைத் திட்டினார். மாமாவும் சேர்ந்து திட்டினார்.

மிராசுதார் ஜெயித்தார், எங்கள் தெருப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருவரும் சொன்னபடியே போய்ச் சண்டை போட்டார்கள், ஒரு தடவை அல்ல, பல தடவை. அடுத்த தேர்தலுக்குக் கட்சி வேறு ஆளை நிறுத்தியது. இதெல்லாம் பிறகு நடந்தது. எனக்கு நன்றாக நினைவிருப்பது அன்று ஓட்டுப் பெட்டி வைத்திருந்த பள்ளிக்கூடத்து வாசல்தான்.

அப்பா உள்ளே போய்விட்டார். மாமா மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி வெளியே நின்று, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"நான் கயித்தப் பிடிச்சுக்கிடுதேன் மாமா. நீங்களும் போய்ப் போட்டுட்டு வாங்க" என்றேன்.

மாமா சிரித்தார். "பிடிட்டி" என்று கயிற்றைக் கொடுத்தார். ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

வரி கட்டுகிறவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும்தான் அப்போது ஓட்டு என்பதோ, மாமா அந்த இரண்டிலும் சேராதவர் என்பதோ எனக்குத் தெரியாது. மாட்டை என்னை நம்பி விட அவருக்கு மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.