அறிவிப்பில் ஒரு திருத்தம்

அவர் எங்கள் அருமனை ஊர்த் திருச்சபைப் பெண். மருந்தாகக்கூடிய மூலக்கூறுகளைச் செய்து பார்க்கும் வேதியியல் ஆராய்ச்சியாளர். விரல் நுனிகளில் எப்போதும் மஞ்சள் கறை இருக்கும். தண்ணீர் பாட்டிலில்கூடத் ‘தண்ணீர்’ என்று எழுதி ஒட்டியிருப்பார்.

சபை அறிவிப்புகளை வாசிப்பவன் நான். ஒரு ஞாயிறு, “நம் சபை மகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்” என்று வாசித்தேன். கைதட்டல் எழுந்தது. அவரும் எழுந்தார்.

“மருந்து இல்ல அண்ணா. மூலக்கூறு ஒண்ணு செஞ்சிருக்கேன், அவ்வளவுதான். எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கல்ல. இத நம்பி யாரும் சிகிச்சைய விட்டிராதீங்க, கேட்டியளா.”

என்னைப் பார்த்துத் தொடங்கியவர், கீமோவை நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்து முடித்தார்.

அடுத்த ஞாயிறு திருத்தி வாசித்தேன். “நம் சபை மகள் ஒரு மூலக்கூறு செய்திருக்கிறார். எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை.”

போன வாரத்தைவிட என் குரல் உயர்ந்திருந்தது. முதலில் கைதட்டியவள் என் மனைவி.