நான்காவது கொடி யாருக்கு

விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, எந்த நசுங்கல் நேற்று விழுந்தது, எது போன வருடத்தது என்று சொல்வதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு. அதனால் யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பமாட்டேன். மழை பெய்கிறது என்று மனைவி சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பேன்.

மலேசியாவில், பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் பந்து ஆடியவர்கள் ஒன்றுகூடி, ஈப்போவில் ஒரு நாள் ஆட்டம் வைப்பது என்று முடிவானது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடுகள் நிறைந்த தாமானாகவும் மாறிவிட்டன. ஆடியவர்கள் முட்டிவலியோடு டவுனில் இருக்கிறார்கள். திறப்பு அணிவகுப்பில், அந்தக் காலத்துப் பெரிய டீம் என்று நான்கு தோட்டங்கள் மட்டும் கொடியோடு முன்னால் நடக்கும். மூன்று தோட்டங்களைப் பற்றிச் சண்டையே இல்லை. நான்காவது எது என்பதில்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை காலைகள் குனோங் ராபாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கரைந்தன.

ஆயர் தாவார் பக்கத்து எங்கள் தோட்டமா, ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டமா? எங்கள் தோட்டத்து ஆட்கள் ஜோகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டதால் கூட்டத்தில் நானும் என் அண்ணனும்தான். கடைக்காரர் எதிர்க்கட்சி. அவருடைய அத்தா அந்த ஹுத்தான் மெலிந்தாங் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர், டீமையும் அவரேதான் நடத்தினார். மீதி ஐந்து பேரும் வேறு தோட்டத்துக்காரர்கள். அவர்கள்தான் கை தூக்க வேண்டும்.

அண்ணனுக்கு எழுபது வயது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கம்போடு நடக்கிறார். கொடியோடு நடக்க வேண்டும் என்பதற்காகவே தினமும் காலையில் பாடாங் திடலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "அன்னிக்கு கம்பு வேணாம்லா, பாரு" என்பார். எங்கள் தோட்டத்து கோல்கீப்பர் என் அண்ணன்தான், அவரைத் தாண்டிப் பந்து போகாது என்று ஊரெல்லாம் நான் சொல்லிவந்திருக்கிறேன். நான் ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவன். அவர் ஆடி ஒரு தடவையும் பார்த்ததில்லை. எல்லாம் அவர் சொல்லக் கேட்டதுதான்.

மூன்றாவது ஞாயிறு, கடைக்காரர் கைபேசியை எடுத்தார். பழைய படம் ஒன்று. பதினோரு பேர், நடுவில் கோப்பை.

"இதுக்கு மேல என்னா வேணும் மச்சான்? உங்க தோட்டம் கோப்பை தூக்குன படம் இருக்கா?"

இல்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கைபேசியை வாங்கி, காரைப் பார்ப்பதுபோல ஒரு ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். பத்துப் பேர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கோல்கீப்பர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். கோப்பை வாங்கிய மனுஷன் எதற்கு முகத்தைத் திருப்ப வேண்டும்?

"கைமாத்து ஆளு" என்றேன்.

அந்தக் காலத்தில் வேறு தோட்டத்து நல்ல ஆட்டக்காரனைக் கூட்டிவந்து, அன்றைக்கு வராத பால்மரத் தொழிலாளி ஒருவரின் பெயரில் இறக்கிவிடுவார்கள். கைமாத்து ஆள் என்போம். எல்லாத் தோட்டமும் செய்தது, எந்தத் தோட்டமும் ஒத்துக்கொண்டதில்லை.

"கைமாத்து ஆளை வச்சு ஜெயிச்சதெல்லாம் பெரிய டீமா?" என்று கேட்டேன். "இவரு யாருன்னு சொல்லுங்க, பாப்போம்."

கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். "எங்க தோட்டத்து ஆளுதான். விடுங்க மச்சான், குடிங்க, தே ஆறுது."

பொய். அவ்வளவு வாயாடுகிறவர் ஒரே வரியில் முடித்தார். எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். பிடித்துவிட்டேன் என்று நினைத்து, படத்தை இன்னும் பெரிதாக்கினேன். முகம் திரும்பியிருந்ததால் காது நன்றாகத் தெரிந்தது. கீழ்க்காது இரண்டாகப் பிளந்திருந்தது.

அந்தக் காதை நான் அறுபது வருடமாகப் பார்க்கிறேன். குழந்தையில் கடுக்கன் எங்கேயோ மாட்டிக் கிழிந்தது. இப்போதும் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தது.

"நான் தப்பா பாத்துட்டேன்" என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"தப்பில்ல" என்றார் அண்ணன். "அது நான்தான்."

அவரே தொடர்ந்தார். "நம்ம தோட்டத்துல ஆபீஸ் கிராணியோட மச்சினன்தான் கீப்பர். நான் ஆறு வருசம் வெளிய உக்காந்து தண்ணி குடுத்தேன். இவரு அத்தா சாமான் வேன்ல வாரப்ப, நான் தனியா பந்து புடிக்கிறதப் பாத்திருக்காரு. ஒரு நாள் கூட்டிட்டுப் போனாரு. நான் ஆடுனது அந்த ஒரு மேட்ச்தான்."

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தா மவுத்தாகுற வரைக்கும் உங்க பேர வெளிய விடல அண்ணே. நானும் சொல்லிருக்க மாட்டேன்."

"தெரியும். உங்க கொடியோட நானும் நடக்கலாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் கையைத் தூக்கினேன். என் கைக்குக் கணக்கில்லை என்று யாரும் சொல்லவில்லை. மற்ற ஐந்து கைகளும் ஒவ்வொன்றாக மேலே போயின.

காரில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இத்தனை வருடம் அவர் சொன்ன பொய்யை நான் ஊர் ஊராக விற்றிருக்கிறேன். சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டேன்: "என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ ஒருத்தனையும் நம்ப மாட்ட. என்னைய மட்டும்தான் கேள்வி கேக்காம நம்புன. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலடா."