பைபரில் செய்த கீழ்த்தொட்டி

எனக்குக் கதைக்க வராது. துறைமுகத்தை அண்டிய ஓர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். படகுக்காரர்கள் பெட்டியை நீட்டுவார்கள், நான் நிரப்பிக் கொடுப்பேன். பகிடியை அவர்களே விட்டு, அவர்களே சிரித்துவிட்டுப் போவார்கள். என் மனைவியும் அதிகம் பேசாதவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணம் செய்த புதிதில் எங்களுக்குள் இருந்த கதைகள் எப்போது தீர்ந்துபோயின என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிப்பதற்கும் கதை வேண்டுமே.

கடைசியில் மிஞ்சியது மீன்தொட்டிதான். ஐஸ் எடுக்க வரும், அலங்கார மீன் பிடித்து விற்கும் சுழியோடி ஒருவர் ஒருநாள் இரண்டு கோமாளி மீன்களைப் பையில் கொண்டுவந்து தந்தார். செம்மஞ்சள் உடம்பு, வெள்ளைப் பட்டிகள்.

"வித்து மிஞ்சினது அண்ணை. வீட்டுக்குக் கொண்டு போங்கோ."

பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி, கடல்தண்ணீர் அள்ளிவந்து விட்டேன். அதற்குப் பிறகு நான் வேலை முடிந்து வந்தால் மனைவி வாசலிலேயே தொடங்கிவிடுவாள்.

"இஞ்ச பாருங்கோ, பெரிசு இண்டைக்குச் சின்னனைக் கலைச்சுக் கலைச்சுக் கடிச்சது."

"ஏனாம்?"

"பெரிசுதான் பொம்பிளை. சொல்லுக் கேக்காட்டிக் கடிக்கும்தானே."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது பெரிய கதை. சோறு போடும்போதும் அது தொடரும். அந்த இரண்டு மீனும் இல்லாவிட்டால் நாங்கள் எதைப் பற்றிக் கதைப்போம் என்று நான் சில வேளை நினைப்பதுண்டு. நினைத்துவிட்டு அதற்கு மேல் போகமாட்டேன்.

ஒரு மாரியில் தண்ணீர் கெடத் தொடங்கியது. அதுவரை சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும், மணியடித்தாலும் விலகாத மான்களைச் சுற்றிப் போய், புதிதாகத் தண்ணீர் அள்ளிவந்து மாற்றுவேன். மாரியில் அது சரிவராது. மழைத்தண்ணீரும் ஆற்றுத்தண்ணீரும் வந்து கரையோரக் கடலில் உப்புக் குறைந்துவிடும். கண்ணாடியில் பாசி ஏறியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அப்போதுதான் தொலைபேசியில் தேடிச் சம்ப் என்ற ஒன்றைப் பற்றி அறிந்தேன். மேல்தொட்டியில் நிறையும் தண்ணீர், குழாயால் கீழே வைத்த இன்னொரு தொட்டிக்கு வழியும். கீழ்த்தொட்டியின் முதல் அறையில் பஞ்சு. நடு அறையில் தண்ணீரைச் சுத்தமாக்கும் கிருமிகள் குடியிருக்கச் சிப்பியும் ஓட்டுத் துண்டுகளும். கடைசி அறையில் மோட்டார், தண்ணீரைத் திரும்ப மேலே அனுப்ப. அப்படிச் செய்தால் மாரி முடியும் வரை தண்ணீர் மாற்றாமலே சமாளிக்கலாம் என்று போட்டிருந்தார்கள்.

கண்ணாடியில் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் தொட்டி இருந்த இரும்பு ஸ்டாண்டின் கால்களை உறுதிக்காக இரண்டு பக்கமும் சரிவான கம்பி வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். சதுரப் பெட்டி என்றால் சிறியதுதான் நுழையும். கண்ணாடிக் கடைக்காரர் சரிவாக வெட்டி ஒட்டமாட்டேன் என்றார். பிளாஸ்டிக் பேசின் ஒன்றை வைத்துப் பார்த்தோம். தண்ணீர் விட்டதும் அது வயிறு தள்ளியது. நடுவில் ஒட்டிய தடுப்பும் கழன்று வந்தது.

"பிள்ளைத்தாச்சி மாதிரியெல்லே நிக்குது" என்று மனைவி சிரித்தாள். பிறகு பேசினைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரோடு சம்பந்தப்பட்ட எதற்கும், கண்ணாடிநாரில் பசை பூசிச் செய்யும் பைபர்தான். படகு பைபர், அதற்குள் இருக்கும் ஐஸ்பெட்டியும் பைபர். தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கொட்டிலில் கிண்ணியா ஊர் முஸ்லிம் ஒருவர் படகு திருத்துவார்; எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். பின்னேரம் அடைத்த ஓட்டையோடு விடியப் படகு கடலுக்குப் போகும். அந்த மாரியை எப்படியோ தள்ளிவிட்டோம். அடுத்த மாரிக்கு முன் செய்துவிட வேண்டும் என்று, பங்குனி வெயில் தொடங்கியபின் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். அளவுகளை அவள்தான் சொன்னாள்.

"மீனுக்குக் கீழ்வீடோ?" என்றார் நானா. "எங்கட ஊட்டயே மேல்மாடி இல்ல, உங்கட மீனுக்கு ரெண்டு தட்டு. கட்டித் தாறன் தங்கச்சி. படகுட அடி மாதிரிச் சரிச்சு அடிச்சா உங்கட கம்பிக்குள்ள பூந்திரும்."

சொன்னபடியே செய்தார். நல்ல வெயிலில் பைபர் பசைக்கு இறுக்கும் மருந்தைக் குறைத்துத்தான் கலப்பார்கள். கூடினால் பூசி முடிக்கமுன் கல்லாகிவிடும். அவரும் குறைத்துக் கலந்தார். அந்த நேரத்தில் நான் மேல்தொட்டியை வடித்து, குழாய்க்கு ஓட்டை போட்டேன். மீன்களை ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைப்பெட்டியில் காற்றுக்குழாயோடு விட்டிருந்தோம்.

கீழ்த்தொட்டி வந்தபோது உள்பக்கம் விரலில் லேசாக ஒட்டியது.

"நானா, இன்னும் ஒட்டுதே."

"உப்புத்தண்ணி பட்டா இறுகிரும் தம்பி. படகெல்லாம் அப்படித்தானே போகுது."

அது உண்மைதான். தினமும் அப்படிப் போகும் படகுகளுக்குத்தான் நான் ஐஸ் கொடுக்கிறேன். மனைவி குனிந்து மணந்துபார்த்து, "மணக்குது" என்றாள். இன்னும் சில நாள் வெயிலில் வைக்கலாமா என்று இருவரும் யோசித்தோம். ஆனால் பெட்டிக்குள் தண்ணீர் சூடாகி, சின்ன மீன் ஒருபக்கம் சரியத் தொடங்கியிருந்தது.

"இனியும் இதுக்குள்ள வைச்சிருக்க ஏலாது" என்றாள்.

கழுவிக் கழுவி ஊற்றினோம். பஞ்சு, சிப்பி, மோட்டார் எல்லாம் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டோம். கரண்ட் போனால் மேல்தண்ணீர் முழுவதும் குழாய் வழியே இறங்கி வீட்டுக்குள் ஓடுமோ என்பதுதான் என் பயம். அதற்காகத் திரும்பும் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, காற்று இழுக்க ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தேன். சோதித்துப் பார்க்கப் பிளக்கைப் பிடுங்கினேன். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறி ஏறி, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

"நிண்டிட்டுதப்பா!" என்று மனைவி என் தோளைப் பிடித்தாள்.

மீன்களை விட்டோம். தொட்டிக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்தோம். மீனைப் பற்றித் தொடங்கிய கதை எங்கெங்கோ போனது. சின்ன வயதில் மூதூருக்குக் கடல்வழியே மோட்டார் லோஞ்சில் போகும்போது புதுச் சப்பாத்து நனைந்துவிடும் என்று பயந்து, அதை மடியில் வைத்துக்கொண்டே போனதைச் சொன்னாள். இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

விடிந்தபோது தண்ணீரின் மேல் சவர்க்கார நுரை போல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. தொட்டியைத் திறந்தால் கொட்டிலில் அடிக்கும் அதே மணம். பெரிசு அடியில் கிடந்தது. சின்னது அதைச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கானை எடுத்துக்கொண்டு கடலுக்கு ஓடினேன். தண்ணீரோடு திரும்பி வந்தபோது சின்னதும் செத்திருந்தது; மனைவி இரண்டையும் வலையால் எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள்.

நானா வந்து பார்த்தார். தொட்டிக்குள் விரலை விட்டு மணந்துபார்த்தார்.

"படகு கடலுக்குள்ள போகுது தம்பி. கடல் எவ்வளவு பெரிசு. மணத்தையும் மருந்தையும் அது எங்கயோ கொண்டு போயிரும். இது ஒரு பெட்டித் தண்ணிதானே. எனக்கு அது மூளைல ஓடேல்ல."

எனக்கும் ஓடவில்லை. மனைவி அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என்னை ஏசுவாள் என்று அன்று முழுவதும் காத்திருந்தேன். ஏசவும் இல்லை.

சில நாள் கழித்து, "வேற மீன் கேட்டுப் பாக்கட்டோ?" என்றேன்.

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாமெண்டால் வேண்டாம்தானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள்.

மேல்தொட்டி காய்ந்து கிடக்கிறது. கீழ்த்தொட்டியைப் பின்வளவில் வெயிலில் போட்டேன். மாதக்கணக்கில் காய்ந்து அது இப்போது கல்லுப்போல இறுகிவிட்டது. நேற்று உள்ளே விரலால் தேய்த்துப் பார்த்தேன், மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, மணமும் இல்லை. இனி எந்த மீனையும் விடலாம்.

அதைச் சொல்லத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தலையை நிமிர்த்தியபோது அவளும் என்னைப் பார்த்தாள்.

"கறி போதுமோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.